மறு: 'மார்க்கெட் டிமாண்ட்' – சந்தைத் தேவையா, சந்தைக் கேட்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஓப்பன் சோர்ஸ் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) இயங்குதளக் கைக்கணினிகளின் 'மார்க்கெட் டிமாண்ட்' என்பதற்குக் குழுமத்தில் வந்த தமிழாக்கம் இது:

> "திறமூல இயங்குதளத்தில் ஓடும் கையடக்கக் கணினிகளுக்கான சந்தைத் தேவை"

முன்பாதியில் எனக்குச் சச்சரவில்லை. 'கைக்கணினி' என்றால் இன்னும் சுருக்கம், மடிக்கணினிக்கு இணையாகவும் நிற்கும். என் வழக்கு 'தேவை'யோடுதான்.

ஊர்ப்புற மக்களுக்காக உருவான சிம்ப்யூட்டர் என்ற மலிவுக் கைக்கணினியை நினைத்துப் பாருங்கள். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் ஒரு பெங்களூரு நிறுவனமும் சேர்ந்து 2001இல் அதன் முன்மாதிரியைக் காட்டினார்கள். லினக்ஸ் இயங்குதளம், தொடுதிரை, இந்திய மொழி எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் வசதி. ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு இருந்தால் போதும், ஊர் முழுவதும் ஒரே கருவியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்பது கணக்கு. கிராமத்துக்கு இப்படி ஒன்று தேவை என்பதை அன்று மறுத்தவர்கள் குறைவு. 2004இல் ஏறத்தாழ 10,000 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. 50,000 போகும் என்று எதிர்பார்த்தார்கள். ஓராண்டில் போனது சுமார் 4,000. தேவை இருந்தது, டிமாண்ட் இல்லை; அதாவது விலை கொடுத்து வாங்க முன்வந்தவர்கள் போதவில்லை. டிமாண்டையும் 'தேவை' என்றே சொல்லும் நம் பாடநூல் தமிழில் இதையே எழுதினால் 'தேவை இருந்தது, தேவை இல்லை' என்றாகிறது!

இலங்கைப் பாடநூல்களில் டிமாண்ட், சப்ளை இரண்டும் 'கேள்வி, நிரம்பல்' என்று இருக்கிறது. பொருத்தம்தான், ஆனால் இங்கே 'சந்தைக் கேள்வி' என்றால் வினாத்தாளைத் தேடுவார்கள். 'கிராக்கி' எனக்குப் பிடித்த சொல், அதில் விலையேற்றத்தின் வாடைதான் கொஞ்சம் தூக்கல்.

'கேட்பு' என்று வைக்கலாம். மீன் ஏலத்தைச் சுற்றி நிற்கும் எல்லோருக்கும் மீன் தேவை. கூடையைக் காட்டி "ஆயிரத்து இருநூறு" என்று குரல் கொடுப்பவரைத்தான் ஏலம் கேட்டார் என்கிறோம். விலை சொல்லாதவர் வேடிக்கை பார்க்க வந்தவர். வங்கியில் 'கேட்பு வரைவோலை' (டிமாண்ட் டிராப்ட்) ஏற்கெனவே புழங்குகிறது. காதால் கேட்பதோடு குழம்புமே என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். 'சந்தை' முன்னால் நின்றால் குழம்பாது.

சொல்லை ஓட்டிப் பார்த்தேன். 2021இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி அறிவிக்கப்பட்டதும் அமெரிக்காவில் 5 டாலர் முன்பணம் கட்டி வரிசையில் காத்திருந்தார்கள். அதுவும் லினக்ஸில் ஓடும் கைக்கணினிதான். பெரும்பாலோர் விளையாடவே வாங்கினார்கள். ஆக, 'கருவிக்குக் கேட்பு மிகுதி, திறமூலத்துக்கான கேட்பு சொற்பம்.' வாக்கியம் நொண்டவில்லை.

சப்ளைக்கு 'அளிப்பு' அப்படியே இருக்கட்டும். மறுப்பவர்கள் 'தேவை நெகிழ்ச்சி'யை (விலை மாறும்போது டிமாண்ட் எவ்வளவு மாறுகிறது என்ற அளவை) 'கேட்பு நெகிழ்ச்சி' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.