பெய்ஜிங் தியானன்மென் சதுக்கம்: முட்டி வலி இருக்கற அப்பாவோட போறோம், எப்படி பிளான் பண்றது?

பீளமேடு_பையன்:

வணக்கம் மக்களே. தம்பி ஷாங்காய்ல வேலைல இருக்கான், அக்டோபர் கடைசில அப்பாவ கூட்டிட்டு அவன்கிட்ட போறோம், அப்படியே பெய்ஜிங்கும் ஒரு எட்டு பாத்துட்டு வந்தரலாம்னு இருக்கோம். அப்பா மில்லுல வேலை பாத்து ரிட்டையர் ஆனவருங்க, அந்தக் காலத்து யூனியன் ஆளு, வீட்டு ஹால்ல இன்னும் மார்க்ஸ் படம் தொங்குது. சைனான்னு சொன்னதும் அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "மாவோவ பாக்க முடியுமாடா?" (அங்க பதப்படுத்தி வச்சிருக்கற உடம்பத்தான் சொல்றாரு.) பெருஞ்சுவர் வேணாமாம், ஷாப்பிங் வேணவே வேணாமாம். ஆனா மனுஷனுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது. நெட்ல பாத்தா ஒருத்தர் சும்மா நடந்து போலாம்ங்கறாரு, இன்னொருத்தர் புக்கிங் இல்லாம கிட்டவே விட மாட்டாங்கங்கறாரு. எது நிஜம்? காலைல கொடியேத்தறது பாக்க வொர்த்தா? அதே நாள்ல பக்கத்துல இருக்கற ராஜா காலத்து அரண்மனை, அதான் ஃபார்பிடன் சிட்டி, அதையும் முடிச்சரலாங்களா? போயிட்டு வந்தவங்க சொன்னா புண்ணியமா போகும்.

தெம்பனீஸ்_வாசி:

சும்மா நடந்து போறதெல்லாம் பழைய கதை ப்ரோ. 2021 டிசம்பர்ல இருந்து சதுக்கத்துக்குள்ள கால் வைக்கவே முன்பதிவு வேணும். காசு கிடையாது, ஆனா புக் பண்ணாம போனா செக்கிங்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. சீனாவோட வாட்ஸ்அப் மாதிரி இருக்கற வீசாட் ஆப்புக்குள்ள ஒரு மினி ப்ரோகிராம் (குட்டி ஆப்) இருக்கு, அதுலதான் பாஸ்போர்ட் நம்பர் போட்டு நாளும் நேரமும் எடுக்கணும், போற அன்னிக்கு காலைல உக்காந்து எடுக்கலாம்னு நினைக்காதீங்க, குறைஞ்சது முந்தின நாளே முடிச்சிருக்கணும். உங்க தம்பி அங்கயே இருக்காருல்ல, அவர்கிட்ட விட்டுடுங்க, அவருக்கு வீசாட் தண்ணிபட்ட பாடா இருக்கும்.

இப்ப அப்பா விஷயம். மாவோ நினைவு மண்டபம் சதுக்கத்தோட தெக்குப் பக்கம் இருக்கு, அதுக்கு தனி புக்கிங், அதுவும் இலவசம்தான். திங்கட்கிழமை லீவு, மத்த நாள்லயும் காலைல மட்டும்தான் திறப்பாங்க. பை, கேமரா எதுவும் உள்ள கொண்டு போக முடியாது, வெளிய குடுத்துட்டுதான் போகணும், அதனால கையை வீசிட்டு போறது பெஸ்ட். ரப்பர் செருப்பு, கையில்லாத பனியன் போட்டா விட மாட்டாங்க, தொப்பிய கழட்டச் சொல்லுவாங்க. உள்ள நுழைஞ்சதும் வெள்ளை மார்பிள்ல மாவோ உக்காந்திருக்கற சிலை, அதுக்கு முன்னாடி பூ வச்சுட்டு மூணு தடவை குனிஞ்சு கும்பிட்டுப் போற சீனத்து பெருசுங்கள பாக்கலாம், நெறைய பேர் வெளியூர்ல இருந்து வந்தவங்க மாதிரி தெரியும். அடுத்த ரூம்லதான் கண்ணாடிப் பெட்டி, உடம்பு மேல அருவா சுத்தியல் போட்ட கட்சிக் கொடி. நிக்கவே கூடாது, நடந்துக்கிட்டே பாக்கணும், ரெண்டு பக்கமும் வரிசை நகந்துட்டே இருக்கும், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வெளிய வந்துடுவீங்க. அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, இல்லன்னா "அவ்ளோதானா"ன்னு ஆயிடும்.

ஃபார்பிடன் சிட்டிய அதே நாள்ல சேக்காதீங்க, கெஞ்சி கேக்கறேன். சதுக்கம் வடக்கு தெக்கா 880 மீட்டர், அரண்மனை அதுக்கு மேல கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், அது தெக்கு வாசல்ல நுழைஞ்சு வடக்கு வாசல்ல வெளியேறற ஒன்வே, பாதில முடியலன்னா திரும்பி வர்றது பெரும்பாடு. முட்டி வலிக்காரருக்கு அது தண்டனை. ஒரு நாள் காலைல மண்டபம், சதுக்கம், அப்படியே தெக்கால இருக்கற சியன்மென் வாசல் பக்கம் வெளிய வந்து ரெண்டாம் லைன் மெட்ரோ. இன்னொரு நாள் ஒண்ணாம் லைன்ல தியானன்மென் கிழக்கு ஸ்டேஷன்ல இறங்கி அரண்மனை. அதுக்கு ஏழு நாள் முன்னாடி டிக்கெட் திறக்கும், அக்டோபர்ல 60 யுவான். அதுவும் திங்கள் லீவு.

கொடியேத்தறத விட்டுடுங்க. சூரிய உதயத்துக்கு ஏத்துவாங்க, நல்ல இடம் வேணும்னா இருட்டோட போய் கூட்டத்துல நிக்கணும், அப்பாவுக்கு ஒத்து வராது. சாயங்காலம் இறக்கற நிகழ்ச்சி இருக்கு, அக்டோபர் கடைசில அஞ்சேகால் சுமாருக்கு சூரியன் இறங்கிடும், அதே சிப்பாய்ங்க, அதே நடை, அரை தூக்கம் மிச்சம்.

கல்வெட்டுக்கிறுக்கன்:

தெம்பனீஸ் அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நான் ஒரே ஒரு விஷயம் சேக்கறேன், ஏன்னா நெறைய பேர் சதுக்கம் ராஜா காலத்து மைதானம்னு நினைச்சு போய் ஏமாந்து வர்றாங்க. சதுக்கத்துக்கு வடக்கால இருக்கற தியானன்மென்ங்கற வாசல் கோபுரம்தான் பழசு, முதல்ல கட்டுனது 1417, இப்ப இருக்கற பேர் 1651ல புதுப்பிச்சப்ப வந்தது. சதுக்கம் அப்படி இல்ல. அரசர்கள் காலத்துல அங்க சுவர் அடைச்ச ஒரு நீள முற்றம்தான் இருந்துச்சு, ரெண்டு பக்கமும் அரசாங்க ஆபீசு, சாதாரண ஜனங்க நுழைய முடியாது. 1949 அக்டோபர் 1 அந்த கோபுரத்து மேல நின்னு மாவோ குடியரசு அறிவிச்சாருல்ல, அதுக்கு அப்புறம்தான் பழைய வாசல்கள இடிச்சு, சுவர எல்லாம் எடுத்து, 1959ல பத்தாம் ஆண்டு விழாவுக்கு கிட்டத்தட்ட இன்னிக்கு பாக்கற சைஸுக்கு அகலப்படுத்துனாங்க. மேக்க இருக்கற மக்கள் மாமண்டபம் பத்தே மாசத்துல கட்டுனது. பத்து மாசம்! நம்ம ஊர்ல ஒரு பாலத்துக்கு பூமி பூஜை போடவே அவ்ளோ ஆகும்.

நடுவுல மக்கள் வீரர் நினைவுத் தூண் இருக்கு, 37.94 மீட்டர், 1958ல திறந்தது. எல்லாரும் உயரத்த அண்ணாந்து பாத்து ஒரு செல்ஃபி எடுத்துட்டு போயிடுவாங்க. அடிய சுத்தி இருக்கற புடைப்புச் சிற்பங்கள பாருங்க, முதல் பலகை 1839ல தெக்கு சீனாவுல ஹூமென்ங்கற ஊர்ல அபினிய அழிச்ச காட்சி, பெட்டிய உடைச்சு கொட்டறாங்க. அந்த அபினி எங்க இருந்து போச்சு? பெருசா நம்ம இந்தியால இருந்துதான், வங்காளம், பீகார் பக்கம் வெளைஞ்சது, மாள்வா அபினி வேற. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் நம்ம விவசாயிய பயிர் பண்ண வச்சு கல்கத்தால ஏலம் விட்டான், தனியார் வியாபாரிங்க அங்க கொண்டு போய் வித்தாங்க. யூனியன் அப்பாவுக்கு இந்த பலகைய காட்டுங்க, மாவோவ விட இதுல அதிக நேரம் நிப்பாரு, ஆனா கயிறு கட்டி வச்சிருந்தா தள்ளி நின்னுதான் பாக்கணும்.

இன்னொண்ணு. 1956ல தலைவர்கள் எல்லாரும் செத்தா எரிக்கணும்னு ஒரு தாள்ல மாவோவே கையெழுத்து போட்டிருக்காரு. 1976 செப்டம்பர்ல இறந்ததும் பதப்படுத்தி வச்சு, அடுத்த வருஷமே மண்டபம் திறந்துட்டாங்க. அப்பா சண்டைக்கு வந்தா நான் பொறுப்பில்ல.

நைட்ஷிப்ட்:

எல்லாரும் சுத்தி சுத்தி வர்றீங்க, 1989 பத்தி ஒருத்தரும் வாய தொறக்கலயே. அந்த எடத்துக்கு போய் கொடிய பாத்து கை தட்டிட்டு வர்றதுக்கு நான் போகவே மாட்டேன். ஜனநாயகம் கேட்டு மாணவர்கள் சதுக்கத்துல வாரக்கணக்கா உக்காந்திருந்தாங்க, ஜூன் 3 ராத்திரி ராணுவம் மேக்க இருந்து, சதுக்கத்துக்கு வடக்கால போற சாங்கான் ரோடு வழியா சுட்டுக்கிட்டே வந்துச்சு, மேக்கால இருக்கற முஷிடி பக்கமெல்லாம் ஜனங்க ரோட்டுலயே செத்தாங்க. எத்தனை பேருன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை, அரசாங்கம் ஒரு இருநூறு முந்நூறுங்கும், மத்தவங்க பல நூறுல இருந்து ஆயிரக்கணக்குன்னு சொல்றாங்க. இப்ப அங்க ஒரு கல்லு கூட கிடையாது.

கல்வெட்டுக்கிறுக்கன்:

@நைட்ஷிப்ட் நியாயமான கேள்விதான். ஆனா போகாம இருந்தா மட்டும் நினைவு இருக்குமா? தெரிஞ்சுக்கிட்டு போய் நிக்கறவனுக்கு அந்த வெறுங்கல் தரையும் மூலைக்கு மூலை கேமராவும் வேற மாதிரிதான் தெரியும். டாங்கி முன்னாடி ஒத்தை ஆளா நின்னாரே, அது சதுக்கத்துக்குள்ள இல்ல, ஜூன் 5 அன்னிக்கு வடகிழக்குல சாங்கான் ரோட்டுல, பக்கத்துல இருக்கற ஹோட்டல் பால்கனில இருந்துதான் போட்டோ எடுத்தாங்க. 1919 மே 4 மாணவர் போராட்டம், 1976 ஏப்ரல்ல, அந்த வருஷம் இறந்த பிரதமர் சோ என்லாய்க்கு பூ வைக்க வந்த கூட்டம், எல்லாம் இதே எடம். தூண்ல மே 4க்கு பலகை உண்டு, 89க்கு இல்ல, அதுலயே எல்லாம் புரிஞ்சிடுது.

தெம்பனீஸ்_வாசி:

ரெண்டு பேரும் சொல்றது சரி, ஆனா @பீளமேடு_பையன் அங்க போய் சத்தமா இத பேசாதீங்க, கைடுகிட்ட கேக்காதீங்க. அவங்க பதில் சொல்லவும் முடியாது, கேட்டதுக்கு அவங்களுக்குத்தான் பிரச்சனை ஆகும். பேனர், நோட்டீஸ் மாதிரி எதுவும் பையில வேணாம். அப்பா யூனியன் பேட்ஜ் குத்திட்டு வரேன்னு சொன்னா தடுத்துடுங்க.

பீளமேடு_பையன்:

ஆளாளுக்கு இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கலைங்க, ரொம்ப நன்றி. பேட்ஜ் மேட்டர் எப்படிங்க தெரிஞ்சுது, நிஜமாவே எடுத்து வச்சிருந்தாரு! எரிக்கச் சொன்ன விஷயத்த அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், "கட்சிக்காரன் சொன்னத கட்சியே கேக்காது, இது எங்கயும் உள்ளதுதான்"னாரு. தம்பிகிட்ட செவ்வாய்க்கிழமை போட சொல்லிட்டேன். ஒரு டவுட், எங்க பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு, அப்பா பேரு மொத்தமும் ஒரே கட்டத்துல வருது, புக்கிங்ல என்ன போடறது?

தெம்பனீஸ்_வாசி:

பாஸ்போர்ட்ல எப்படி அச்சாயிருக்கோ எழுத்து மாறாம அப்படியே போடுங்க, இனிஷியல் எதுவும் சேக்காதீங்க. அசல் பாஸ்போர்ட்டு கைல இருக்கணும், ஜெராக்ஸ் செல்லாது. அப்புறம் சதுக்கத்துல மர நிழல், பெஞ்சுன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, காத்து வேற அடிக்கும், அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டு விடுங்க.