பழைய பில்லிங் மென்பொருளில் பேட்ச் ஏறவில்லை: பிழை 1612

சிவகாசியில் எங்கள் கடைக் கணினி விண்டோஸ் 7, 32 பிட். 2014இல் போட்ட பில்லிங் மென்பொருள். போன வாரம் அதற்கான எம்எஸ்பி பேட்சை (மென்பொருளைப் புதுப்பிக்கும் கோப்பு) ஓட்டினால் பாதியிலேயே பிழை 1612: மூலக் கோப்பு கிடைக்கவில்லையாம். காரணம் தெரியும். சி டிரைவில் இடமில்லை என்று விண்டோஸுக்குள், நிறுவல் கோப்புகளின் நகல்கள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரை யாரோ காலி செய்திருக்கிறார்கள். சரி, யாரோ இல்லை, நான்தான்.

அட்மினாக ஓட்டினேன், ஆன்டிவைரஸை நிறுத்தினேன், இன்ஸ்டாலர் சர்வீஸை மறுபடி தொடங்கினேன். பலனில்லை. மென்பொருளை நீக்கப் பார்த்தாலும் அதே பிழை. அசல் சிடியும் தொலைந்துவிட்டது.

கிளைக் கடைக் கணினியில் அதே பதிப்பு இருக்கிறது. அங்குள்ள எம்எஸ்ஐ (நிறுவல்) கோப்பை எடுத்து, இங்கே ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) லோக்கல்பேக்கேஜ் என்ற பதிவு காட்டும் பெயரில் அதே ஃபோல்டரில் வைத்தால் பேட்ச் ஏறுமா?