புதுப்பிப்பு: கிண்டியில் வண்டி மாறும் நேரக் கணக்கு

மெட்ரோவில் கிண்டி வந்து புறநகர் மின்ரயிலுக்கு மாற 2 நிமிடம் போதும் என்று எங்கள் பயணத் திட்டச் செயலி ஏன் காட்டுகிறது எனச் சென்ற வாரம் கேட்டிருந்தேன், காரணம் பிடிபட்டுவிட்டது. இரு நிலையங்களுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவை மட்டுமே நிரல் அளந்ததால், உயரத்தில் இருக்கும் மெட்ரோ நடைமேடையிலிருந்து இறங்குவதும், மின்ரயிலுக்குத் தனியாகச் சீட்டு வாங்குவதும் கணக்கிலேயே சேரவில்லை. மாலை நெரிசலில் நானே நடந்து பார்த்தபோது 9 நிமிடம் ஆனது (அதில் பாதி சீட்டு வரிசைக்கே போயிற்று). ஜிடிஎஃப்எஸ் (பொதுப் போக்குவரத்துக் கால அட்டவணைகளைச் செயலிகளுக்குத் தரும் பொது வடிவம்) தரவில் வண்டி மாறுவதற்கான குறைந்தபட்ச நேரத்தை நொடிகளில் குறிக்க ஒரு கோப்பு உண்டு. அதில் 540 என்று இட்டதும் வழிகள் நம்பும்படி வருகின்றன. சீசன் டிக்கெட் வைத்திருப்போருக்கு இது அதிகம்தான். நள்ளிரவு தாண்டிய கடைசி வண்டியின் நேரம் திரையில் 00:10 என்று மாறாமல் 24:10 என்றே தெரியும் பிழை மட்டும் இன்னும் தீரவில்லை.