ராஜபாளையம் நாய்க்குட்டிக்கு உண்ணிக் காய்ச்சல், பிளேட்லெட் 38 ஆயிரம். மாத்திரையும் சாப்பாடும் எப்படிக் கொடுக்கிறது?

வீரா_வீடு_மதுரை:

வணக்கம் மக்களே. எங்க வீட்ல வீரான்னு ஒரு ராஜபாளையம் பையன் இருக்கான், ஏழு மாசம், 17 கிலோ. போன வாரம் முழுக்க சாப்பாட்டுத் தட்டை மோந்து பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போய் படுத்துக்கிட்டான், வெயில் தாங்கலன்னு நெனச்சு விட்டுட்டோம். ஞாயித்துக்கிழமை குளிப்பாட்டறப்ப வயித்துப் பக்கம் சிவப்பு சிவப்பா புள்ளி, இவனுக்குத் தோலே ரோஸ் கலர்ங்கறதால பளிச்சுனு தெரிஞ்சுது, அம்மா கொசுக்கடிதான்னு சொன்னாங்க. திங்கக்கிழமை விடிகாலைல பார்த்தா மூக்குல ரத்தம், தரையெல்லாம் சொட்டு சொட்டா. எனக்குக் கையே ஓடல.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு டிக் ஃபீவர்னு சொல்லிட்டார். காய்ச்சல் 104, பிளேட்லெட் 38 ஆயிரம், ஹீமோகுளோபின் 8.6. ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்தி டாக்ஸிசைக்ளின் 28 நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்கார், லிவர் டானிக் ஒண்ணு. இப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்.

சந்தேகம் என்னன்னா மாத்திரையை வாயில வச்சா துப்பிடறான், அதனால அப்பா பொடி பண்ணி தயிர் சாதத்துல கலந்து கொடுக்கிறார், சில நேரம் பால்ல. கால் எலும்பு நல்லா வரணும்னு மூணு மாசத்துல இருந்து கால்சியம் சிரப் ஊத்திட்டு இருக்கோம், அதையும் கூடவே கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சோத்துல பூண்டு போட்டு வேக வச்சா உண்ணி ஒட்டாதுங்கறார், இன்னொருத்தர் பப்பாளி இலைச் சாறு. வீட்ல மீனுன்னு ஒரு பூனையும் இருக்கா, அவனை ஒட்டிக்கிட்டேதான் தூங்குவா, வீராவுக்கு வாங்கின உண்ணி மருந்தை அவளுக்கும் ரெண்டு சொட்டு விடலாமா? எல்லா ஊசியும் நாள் தவறாம போட்டவன் இவன், இவனுக்கு எப்படி வந்துச்சுன்னே புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க, ராத்திரி தூக்கம் இல்ல.

சேத்தூர்_அண்ணாச்சி:

தம்பி, பயப்படாதீங்க, மூக்குல ரத்தம் வந்து பொழைச்ச நாய்ங்க நிறைய இருக்கு, நீங்க நேரத்துக்குக் கொண்டு போயிட்டீங்க. ஆனா ஒண்ணு மட்டும் மனசுல எழுதிக்கோங்க, 28 நாள்னா 28 நாள். நாலாவது அஞ்சாவது நாளே அவன் எந்திரிச்சு வாலாட்டுவான், பத்தாவது நாள் கேட்டைத் தாண்டப் பார்ப்பான், அப்பதான் நமக்கு ‘சரியாயிடுச்சே, எதுக்கு இன்னும் மாத்திரை’ன்னு தோணும். எங்க வீட்டு வெள்ளையம்மாவுக்கு நான் பண்ணின தப்பு அதுதான். பதினோராவது நாள் நிறுத்திட்டேன். ஒன்றரை மாசம் நல்லாத்தான் இருந்தா, ஆட்டோட ஆடா ஓடுனா, அப்புறம் ஒருநாள் ஈறெல்லாம் காகிதம் மாதிரி வெளுத்துப் போச்சு, தூக்கிட்டு ஓடுனேன், எலும்பு மஜ்ஜையே ரத்தம் ஊறுறதை நிறுத்திருச்சுன்னு சொல்லிட்டாங்க. நாலு வயசுதான் அவளுக்கு. அந்த மிச்ச மாத்திரை அட்டை இன்னும் என் பீரோவுல கெடக்கு.

ரெண்டாவது, உண்ணி நாய் மேல மட்டும் இருக்கிறதில்ல. ரத்தம் குடிச்சு ஆமணக்கு விதை மாதிரி உப்பினதும் தானா கழண்டு விழுந்து சுவர் ஏறிப் போயிரும், போய் விரிசல்ல ஆயிரக்கணக்குல முட்டை வைக்கும். பொரிஞ்சு வர்ற குஞ்சு திரும்ப நாய் மேல ஏறும், குடிக்கும், விழும், தோல் உரிக்கும், மறுபடி ஏறும். இப்படி மூணு தடவை ஏறி இறங்குது. அதனால நாயை மட்டும் குளிப்பாட்டிட்டு இருந்தா தீரவே தீராது. காலண்டர் பின்னாடி, கதவு நிலை இடுக்கு, கட்டில் பொருத்து, சுவிட்ச் பெட்டி ஓரம் எல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. நாங்க நாய்க்கொட்டடியில விரிசலை சிமெண்ட் வச்சு அடைச்சு சுண்ணாம்பு அடிக்கிறோம், படுக்கிற சாக்கை எரிச்சிடுவோம்.

நாய் மேல பார்க்கிறப்ப முதுகைத் தடவினா பத்தாது. விரல் இடுக்கு, காது மடிப்புக்குள்ள, கழுத்துப் பட்டைக்கு அடியில, வாலுக்குக் கீழ. இடுக்கியை தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணும். நகத்துல நசுக்காதீங்க, மண்ணெண்ணெய் தடவுறது, ஊதுபத்தி வச்சு சுடுறது எதுவும் வேண்டாம். எடுத்ததை ஸ்பிரிட் பாட்டில்ல போட்டுருங்க.

இன்னொண்ணு, கேட்டேன்னு நெனச்சுக்காதீங்க, பையன் கூப்பிட்டா திரும்புறானா? முழு வெள்ளையும் ரோஸ் மூக்குமா இருக்கிற நம்ம ஜாதியில பிறவியிலேயே காது கேக்காத குட்டிங்க வரும், அந்த வெள்ளை நிறமும் காது கேக்காததும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து வர்ற விஷயம். காய்ச்சல்ல சோர்ந்து கெடக்கிறான்னு நாம நெனச்சுட்டு இருப்போம். உடம்பு தேறினப்புறம் அவன் தூங்கறப்ப பின்னாடி தள்ளி நின்னு, தரை அதிராம, காத்து படாம, கரண்டியால தட்டைத் தட்டிப் பாருங்க.

கால்நடை_மாணவி_நாமக்கல்:

அண்ணா, நான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரில இன்டர்ன்ஷிப்ல இருக்கேன். உங்க டாக்டர் சொன்னதுதான் முதல், நான் சொல்றதை அவர்கிட்ட ஒருதடவை கேட்டுக்கோங்க. உங்க பதிவைப் படிச்சதும் எனக்கு பகீர்னு ஆனது தயிர் சாதமும் கால்சியம் சிரப்பும்தான். டாக்ஸிசைக்ளின் டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்து, கால்சியத்தைப் பார்த்தா போய் ஒட்டிக்கும், ஒட்டிக்கிட்டா குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போற அளவு குறைஞ்சிரும். பால், தயிர், கால்சியம், இரும்புச்சத்து டானிக் எல்லாமே மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், பின்னாடி ரெண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். வெறும் வயித்துலயும் கொடுக்காதீங்க, வாந்தி எடுப்பான். வேக வச்ச சிக்கன் துண்டை நடுவுல கீறி உள்ள வச்சு உருட்டிக் கொடுங்க, முதல்ல மருந்து இல்லாத உருண்டை ஒண்ணு, அப்புறம் மாத்திரை வச்சது, அது வாயில இருக்கிறப்பவே மூணாவது உருண்டையை மூக்குகிட்ட காட்டுங்க, அவசரத்துல விழுங்கிடுவான். முடிஞ்சதும் தண்ணி குடிக்க வைங்க, இந்த மாத்திரை தொண்டைக்குழாய்ல தங்கினா அங்கயே புண்ணாக்கிடும்.

அந்த கால்சியம் சிரப் உடம்பு தேறினப்புறமும் தேவையான்னு டாக்டர்கிட்ட கேளுங்கண்ணா. பெருசா வளர்ற ஜாதிக் குட்டிங்களுக்கு கால்சியம் கூடிப்போனா எலும்பு பலமாகாது, வளர்ச்சிதான் கோணலாகும். நிறைய வீட்ல பாசத்துல பண்றது இது.

வயித்துல பார்த்தது கொசுக்கடி இல்ல. விரலால அழுத்திப் பாருங்க, கொசுக்கடின்னா நிறம் வெளுத்துத் திரும்பும், இது அழுத்தினாலும் அப்படியே இருக்கும். தோலுக்கடியில கசிஞ்ச ரத்தம் அது. நாய்க்கு பிளேட்லெட் சாதாரணமா ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கணும், 38 ஆயிரம்கறப்ப லேசா இடிச்சாலே கசியும், அதனால ரெண்டு வாரம் ஓட்டம், குதியாட்டம், கயித்தை இழுத்து விளையாடறது எதுவும் வேண்டாம். மூக்குல மறுபடி வந்தா அமைதியா படுக்க வச்சு மூக்குத்தண்டு மேல துணியில சுத்தின ஐஸ் வச்சுட்டு உடனே கிளம்பிருங்க. காய்ச்சல் அடிக்குதேன்னு நம்ம வீட்டு மாத்திரையைக் கண்டிப்பா கொடுக்காதீங்க, ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவை இன்னும் கூட்டும்.

மூத்திரம் காபி டிகாக்ஷன் கலர்ல போனா டாக்டருக்குப் போன் பண்ணுங்க. அது பபீசியான்னு இன்னொரு கிருமியா இருக்கலாம், அதுவும் உண்ணியாலதான் வரும், ரெண்டும் சேர்ந்தே வர்றது உண்டு, அதுக்கு டாக்ஸி மட்டும் போதாது. ஊசி போட்டும் வந்துச்சேன்னு கேட்டீங்க, நம்ம ஊர்ல போடற கூட்டு ஊசி பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சலுக்கு எல்லாம் காவல், உண்ணிக் காய்ச்சலைக் கொண்டு வர்ற இந்த எர்லிக்கியா கிருமிக்கு அதுல எதுவும் இல்ல. ஒருதடவை வந்தா திரும்ப வராதுங்கறதும் இல்ல. பிரேவெக்டோ, நெக்ஸ்கார்ட் மாதிரி உண்ணி மாத்திரைங்க நல்லா வேலை செய்யும், ஆனா உண்ணி கடிச்சு ரத்தம் குடிச்சாத்தான் சாகும், கிருமியோ கடிச்ச சில மணி நேரத்துலயே உள்ள போயிடும், அதனால அண்ணாச்சி சொன்ன சுவர் வேலையும் சேர்ந்தாத்தான் முழுசா காப்பு. எப்ப ஆரம்பிக்கறதுன்னு டாக்டர் சொல்லட்டும், வலிப்பு எப்பவாவது வந்திருந்தா அதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க.

சாப்பாடு: எலும்பில்லாத சிக்கன், குழைய வேக வச்ச சாதம், கொஞ்சம் மஞ்சள் பூசணி, அவிச்ச முட்டை. கோழி ஈரல் ஒரு துண்டு ரெண்டு துண்டு போதும். ஒரே வேளைல திணிக்காம நாலஞ்சு தடவையா, வெதுவெதுன்னு கொடுங்க, சூட்டுல வாசம் வந்தாத்தான் காய்ச்சல்காரனுக்கு வாய் திறக்கும். பூண்டும் வெங்காயமும் வேண்டவே வேண்டாம், சிவப்பணுவையே உடைக்கும், ஏற்கனவே ஹீமோகுளோபின் 8.6ல இருக்கிறவனுக்கு அது நஞ்சு. பப்பாளி இலைச் சாறு மாத்திரைக்கு மாற்று கிடையாது. கசப்புக்கு வாந்தி எடுத்தா மாத்திரையும் சேர்ந்து வெளிய வந்திரும், நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

பூனைவீடு_கோவை:

தம்பி மீனுவுக்கு அந்தச் சொட்டு மருந்து விட்டுடலயே?? முதல்ல பாட்டில்ல பேரைப் பாருங்க. பெர்மெத்ரின்னு இருந்தா பூனைக்கு அது விஷம், பூனையோட கல்லீரலுக்கு அதை உடைச்சு வெளிய அனுப்பத் தெரியாது. எங்க தெருவுல ஒருத்தங்க நாய் மருந்துதானேன்னு கழுத்துல ரெண்டு சொட்டு விட்டு, ரெண்டு மணி நேரத்துல காது துடிக்க ஆரம்பிச்சு அப்புறம் உடம்பே தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, நான்தான் கூட ஓடினேன், அந்தப் பூனையைக் காப்பாத்த மூணு நாள் ஆச்சு. வீராவுக்கு அந்த மருந்து விட்டிருந்தா அது நல்லா காயற வரைக்கும் மீனுவை வேற ரூம்ல வைங்க, ஒட்டிப் படுத்து நக்கினாலும் ஆபத்துதான். அவளுக்கு வேணும்னா பூனைக்குன்னே எழுதியிருக்கிறது தனியா இருக்கு, எடை சொல்லி டாக்டர்கிட்ட வாங்குங்க.

வீடு சுத்தம் பண்றப்ப ஃபினைல் ஊத்தித் துடைப்பாங்க எல்லாரும், ஈரத்துல நடந்துட்டு பாதத்தை நக்குறதுதான் பூனை வேலை, அதுவும் அதுக்கு ஆகாது. மருந்து அடிக்க ஆள் வந்தா மீனுவை அன்னைக்கு சொந்தக்காரங்க வீட்ல விட்டுடுங்க. பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை போதும் பூனை உயிரை எடுக்க, கீழ சிந்தாம பார்த்துக்கோங்க.

வீரா_வீடு_மதுரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மீனுவுக்கு விடல அக்கா, பாட்டில்ல பார்த்தேன், பெர்மெத்ரின்தான், படிச்சதும் கை நடுங்கிருச்சு. வீராவுக்கும் இன்னும் விடல. டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன், கால்சியத்தை நிறுத்தச் சொல்லிட்டார், தயிரும் மாத்திரை நேரத்துல வேண்டாம்னார். அப்பாவுக்கு ரொம்ப வருத்தம், நான்தானே கலந்து கொடுத்தேன்னு. ஆனா மூணு உருண்டை வித்தையை அவர்தான் பண்ணினார், ஒரே தடவைல விழுங்கிட்டான்.

அண்ணாச்சி, காலண்டரை எடுத்துப் பார்த்தா பின்னாடி ஆணி அடிச்ச ஓட்டையைச் சுத்தி பதினாலு உண்ணி. கொல்லைக்கதவு நிலை இடுக்குல எண்ணவே முடியல. சாக்கை எரிச்சாச்சு, சனிக்கிழமை கொத்தனார் வர்றார். மருந்து அடிக்கிறதை ஒருதடவை பண்ணினா போதுமா? அடுத்த ரத்த டெஸ்ட் எப்ப எடுக்கணும்?

கால்நடை_மாணவி_நாமக்கல்:

ஒருதடவை பத்தாதுண்ணா, முட்டை தப்பிச்சிடும், ரெண்டு மூணு வாரம் விட்டு மறுபடி அடிக்கணும். பிளேட்லெட்டை ஒரு வாரத்துல பாருங்க, மருந்து வேலை செஞ்சா அதுக்குள்ளயே ஏற ஆரம்பிக்கும், ஏறலன்னா டாக்டர் வேற தேடுவார். 28 நாள் முடிஞ்சதும் ஒண்ணு எடுங்க. தினமும் காலைல மேல் உதட்டைத் தூக்கி ஈறு கலரைப் பாருங்க, போட்டோ எடுத்து வச்சா நேத்தைக்கும் இன்னைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்னைக்கு எவ்வளவு சாப்பிட்டான்?

வீரா_வீடு_மதுரை:

ரெண்டு கை சாதம், ஒரு முட்டை. தட்டை நக்கினான்.