இங்கிலாந்து கால்பந்து ரசிகர்களோடு உங்கள் அனுபவம் என்ன?

டூட்டிங்வாசி:

நானே ஆரம்பிக்கிறேன். சென்னையில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். எந்த அணி ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம் சாய்ந்துகொள்வது என் பழக்கம். லண்டனில் எங்கள் மேல்வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற கால்பந்து கிளப்பின் ரசிகர். 2023இல் ஒரு சனிக்கிழமை, "சும்மாதானே இருக்கிறாய், வாயேன்" என்று பிளவ் லேன் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். இத்தனை வருடம் கோயிலோடு திரும்பியிருக்கிறேன்!

இதற்கு முன்பிருந்த பழைய விம்பிள்டன் கிளப் 1988இல் லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்து, இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையை வாங்கியது. அதைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ 2002க்குப் போய்விட்டார். அந்த வருடம் மே மாதம், கிளப் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்குப் போகலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. ஊரைவிட்டுப் போகிற கிளப் எங்களுக்கு எதற்கு என்று ரசிகர்களே சில வாரங்களில் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். விம்பிள்டன் காமன் புல்வெளியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆள் தேர்வு நடந்தது. முதல் நட்பு ஆட்டம் சட்டனில். 4-0 தோல்வி, ஆனால் கூட்டம் நாலாயிரத்தைத் தாண்டியது. நாலு கோல் வாங்கிய ஆட்டத்தை இவ்வளவு பூரிப்போடு சொல்கிற மனிதரை நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்து கால்பந்தின் ஒன்பதாம் அடுக்கில் தொடங்கி, 2011இல் நாலாம் அடுக்குக்கு ஏறி, ஃபுட்பால் லீக்குக்கே வந்துவிட்டார்கள். 2020 நவம்பரில், பழைய கிளப் ஒரு காலத்தில் ஆடிய பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். கொரோனா காலம், உள்ளே ரசிகர்களுக்கு இடமில்லை. "நான் போய் வெளிக்கதவைத் தொட்டுவிட்டு வந்தேன்" என்றார். மில்டன் கீன்ஸ் அணியின் பெயர் மட்டும் அவர் வாயில் வராது, 'ஃப்ரான்சைஸ்' (வியாபாரக் கிளை) என்று இளக்காரமாகத்தான் சொல்வார். நம் ஊர்ப் பங்காளிச் சண்டை தோற்றுவிடும்.

நான் போன அன்றைக்குத் தோற்றார்கள். சரி, ஆள் சோர்ந்துவிடுவார் என்று பார்த்தால், ஆட்ட மலரை (அன்றைய ஆட்டத்துக்கென்று விற்கும் சிறு புத்தகம்) மடங்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்துக்கொண்டே, "நானும் இதில் ஒரு முதலாளி, தெரியுமா?" என்றார். உண்மைதான், கிளப்பின் பெரும்பங்கு ரசிகர் அறக்கட்டளையிடம்தான் இருக்கிறது.

ராத்திரி ஷிஃப்ட்:

அண்ணா, என்னுடையது சின்னக் கதை. பிளிமத்தில் நர்ஸாக இருக்கிறேன். இரவு வேலை முடிந்து விடியற்காலை வரும்போது, பச்சைத் துண்டு கழுத்தில் சுற்றிய ஒரு கூட்டம் பஸ்ஸுக்கு நின்றது, எங்கள் ஊர் கிளப் பிளிமத் ஆர்கைலின் ரசிகர்கள். கையில் சூடான பேஸ்ட்டி (கறி, உருளைக்கிழங்கு வைத்த பெரிய பஃப்ஸ் மாதிரி). ஆட்டம் பார்க்க சண்டர்லாண்டுக்குப் போகிறார்களாம். இங்கிலாந்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி, போக மட்டும் 600 கிலோமீட்டருக்கு மேல். தூக்கக் கலக்கத்தில் ஒரு பாட்டியிடம், "இவ்வளவு தூரம் போய்த் தோற்றுவிட்டால்?" என்று கேட்டுவிட்டேன். "போகாமல் இருந்து ஜெயித்துவிட்டால்?" என்றார். எனக்கு வாயே எழவில்லை.

பழைய பரிக்காரன்:

அக்கா, உங்கள் பாட்டியைப் படித்ததும் என் எதிர்வீட்டு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. 2019இல் மான்செஸ்டருக்கு வடக்கே பரி என்ற ஊரில் குடியிருந்தேன். ஊர்ப் பெயரிலேயே 1885இல் தொடங்கிய கால்பந்து கிளப் அங்கே இருந்தது. 1903 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் 6-0 என்று ஜெயித்த கிளப். அந்தக் கோடையில் பணமில்லாமல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 27ஆம் தேதி, எப்படியும் ஆட்டம் நடந்துவிடும் என்ற நப்பாசையில் ரசிகர்கள் கிக் லேன் மைதானத்தைச் சுத்தம் செய்யத் திரண்டார்கள். எதிர்வீட்டு அம்மாவும் துடைப்பம், வாளி, ரப்பர் கையுறையோடு கிளம்பினார். அவருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றுகூடத் தெரியாது. இறந்துபோன கணவர் உட்கார்கிற இருக்கையைத் துடைக்க வேண்டுமாம், அவ்வளவுதான்.

அன்று இரவே பரியை லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். மறுநாள் காலை அவர் வாசலில் அந்த ஈரத் துடைப்பம் சாய்ந்திருந்தது.

அப்புறம் 2023இல் அதே மைதானத்தில், பல படி கீழே, பரி மறுபடி ஆட வந்தது. நான் அதற்குள் லீட்ஸுக்கு மாறிவிட்டேன். போனீர்களா என்று போனில் கேட்டேன்.

"போனேன். அந்த இருக்கை அப்படியேதான் இருக்கிறது, ஒரே அழுக்கு" என்றார். அடுத்த ஆட்டத்துக்கு வாளியோடு போகப்போகிறாராம்.