மருத்துவ சமூகப் பணி: அடுத்த பொறுப்பாளரைத் தயார் பண்றது எப்படி?

அஸ்தம்பட்டி_பிரிவு:
சேலத்துல ஒரு மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவு. இளநிலைப் பணியாளர் 2 பேர், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) ரெண்டாம் வருஷ மாணவர்கள் 3 பேர். கெட்டிக்காரங்கதான், ஆனா முதல்வர் காப்பீட்டுத் திட்ட வேலையிலேயே பொழுது போயிடுது. ரெண்டு வருஷத்துல இதுல ஒருத்தர் பிரிவை நடத்தணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறதுங்க?

வார்டு_நோட்டு:
காப்பீட்டு வேலைக்கு ஒரு எல்லை போடுங்க. வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ளன்னு வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார், மூணுலயும் பேர் ஒத்துப்போகுதான்னு பார்க்க 2 வாரத்துல பழகிடும்.

அப்புறம் நோயாளி வீட்டார்கிட்ட நீங்க பேசும்போது, ஒரு மாசம் அவங்க உங்க கூட நிக்கட்டும். அடுத்த 2 மாசம் அவங்க பேசட்டும், நீங்க நில்லுங்க. சறுக்குறது இங்கதான். மாணவர் திணறினா சீனியர் வாயைத் திறந்துடுவார், அன்னையிலிருந்து வீட்டார் சீனியரைத்தான் தேடுவாங்க.

வாரம் 1 மணி நேரம் தனியா உக்காந்து கேஸ் குறிப்பைப் படிங்க. வராந்தாவுல நின்னு பேசுறது கணக்குல சேராது. "குடும்ப ஆதரவு இல்லை"ன்னு இருந்தா அடிச்சுட்டு மறுபடி எழுதச் சொல்லுங்க. "மகன் திருப்பூரில், மாதம் ஒருமுறை வருவார். சோறு கொடுப்பது பக்கத்து வீட்டு அத்தை, அவருக்கும் முட்டி வலி." இப்படி எழுதினா அடுத்த வேலை தானா தெரியும்.

கொண்டை_ஊசி_20:
ஏற்காட்டு நோயாளி ஒருத்தரோட டிஸ்சார்ஜை முழுசா ஒப்படைச்சுப் பாருங்க. பக்கவாதம் வந்த காப்பித் தோட்டத் தொழிலாளின்னு வைங்க. டாக்டர் "நாளைக்குப் போகலாம்"னதும் வண்டி தேடினா தாமதம், அட்மிட் ஆன 2ஆம் நாளே விசாரிக்கணும். பஸ் நிக்கிற இடத்திலிருந்து வீடு வரை ஏத்தமா, படியா? கழிப்பறை எங்க? ஆரம்ப சுகாதார நிலையத்துல அந்த மாத்திரை, அதே மில்லிகிராம்ல இருக்கா?

அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபி வீட்டுக்கே வரும், நோயாளி பேர் அந்தத் திட்டத்து ஆளுங்ககிட்ட போய்ச் சேர்ந்தா. அதுக்கான பரிந்துரைக் கடிதத்தை நோயாளி கையில குடுத்தா மஞ்சப்பையிலேயே கிடக்கும். கிராம சுகாதார செவிலியருக்கு போன் போட்டு, யார் எடுத்தாங்கன்னு எழுதி, 7ஆம் நாள் திரும்பக் கூப்பிடணும். சனிக்கிழமை டிஸ்சார்ஜ் வேண்டாம், ஞாயித்துக்கிழமை போனை எடுக்க ஆள் இருக்காது.

பதிவேடு:
மேல சொன்னதெல்லாம் நல்ல பணியாளரைத்தான் உருவாக்கும். நடத்துறவருக்குக் கணக்கு வரணும். தள்ளிப்போன டிஸ்சார்ஜ் எத்தனை, காரணம் சான்றா, வண்டியா, கூட ஆள் இல்லாததா? மாசக் கூட்டத்தை மாணவரே நடத்தட்டும். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தா, கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு அவரே எழுதணும்.

ஆதார், கேஸ் ஷீட் படத்தை வாட்ஸ்ஆப் குழுவுல போடுற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்க. எச்.ஐ.வி., மனநலம் ரெண்டுக்கும் 2017 சட்டங்கள்லயே ரகசியக் காப்பு இருக்கு.

அஸ்தம்பட்டி_பிரிவு:
நன்றிங்க. ரவுண்ட்ஸ்ல மாணவர் பேசினா டாக்டர் காதுலயே வாங்கறதில்லையே?

வார்டு_நோட்டு:
கதையை முதல்ல இருந்து சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. தேவையை முதல்ல சொல்லச் சொல்லுங்க: "சார், 4ஆம் கட்டிலுக்கு இன்னிக்கு 12 மணிக்குள்ள உங்க கையெழுத்து வேணும்." காரணம் அடுத்த ரெண்டு வரியில.