கீழாநெல்லியை எப்படி அடையாளம் காண்பது?

கொல்லைப்புறம்:
அண்ணனுக்கு மஞ்சள் காமாலை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஹெப்படைட்டிஸ் ஏ என்று சொல்லி, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், பெரிதாக மருந்து எதுவும் தரவில்லை. அம்மாவோ கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தே ஆகணும் என்கிறார். மழைக்கு அப்புறம் கொல்லையில் ஒரே மாதிரி இரண்டு மூன்று செடி முளைத்திருக்கிறது. எது கீழாநெல்லி? கொடுக்கலாமா?

வேரும் தழையும்:
முதலில் ஒரு கிளையைக் கிள்ளுங்கள். பால் வந்தால் அது கீழாநெல்லி இல்லை, அம்மான் பச்சரிசியாக இருக்கலாம். பால் இல்லையா, கிளையைத் திருப்பிப் பாருங்கள்: சின்னக் காம்போடு வழவழப்பான பச்சைக் காய்கள் அடிப்பக்கம் வரிசையாகத் தொங்கினால் அதுதான். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் சொரசொரப்பாக ஒட்டியிருந்தால் சிவப்புக் கீழாநெல்லி, பங்காளிதான் என்றாலும் வேறு செடி. சமூலமாக, அதாவது வேரோடு அரைப்பதால் மண் போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஏ வகை பரவுவதே அசுத்தமான தண்ணீரில்தான்!

சந்தேகப்பிராணி:
ஏ வகை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும், கீழாநெல்லி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். செடிக்குக் கிடைத்த பேரில் பாதி இப்படி வந்ததுதான் என்பது என் எண்ணம். பெரிய ஆராய்ச்சி நடந்தது பி வகைக்கு. 1988இல் லான்செட் இதழில் வந்த சென்னை ஆய்வில் 200 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். அப்புறம் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை.

மூன்றாம் வேளை:
உங்களுக்காவது என்ன காமாலை என்று தெரியும். எங்கள் மாமாவுக்கு மூன்று வாரம் பத்தியத்தோடு அரைத்துக் கொடுத்தோம், உப்புகூடப் போடவில்லை பாவம். மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம், பித்தநாளத்தில் கல். அதை எந்தத் தழையும் கரைக்காது. கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கொல்லைப்புறம்:
நன்றி. கொல்லையில் இருப்பது கீழாநெல்லிதான், பால் வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அத்தை பறித்து வந்து வைத்த கட்டைக் கிள்ளினால் கையெல்லாம் பால். அம்மாவிடம் காட்டிவிட்டேன், அத்தையிடம் யார் சொல்வது?